காலி நிலம் அன்று, ஆளில்லாத் திட்டு: கடலூர் மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கடலூர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், வருவாய்த் துறை, வனத் துறை, மீன்வளத் துறை, சுற்றுலாத் துறை அலுவலர்களுக்கும், கிள்ளை பேரூராட்சி மன்றத்தாருக்கும் வணக்கம்.

இந்த மாவட்டம் தென்னாற்காடு என்ற பெயரில் இருந்த காலத்தில் நில அளவைத் துறையில் பணிக்குச் சேர்ந்தேன். 1993-ல் மாவட்டம் பிரிந்த பிறகும் கடலூரிலேயே வேலை பார்த்து ஓய்வுபெற்று, இப்போது மஞ்சக்குப்பத்தில் வசித்து வருகிறேன். அண்மையில் சொந்த வேலையாக ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தபோது, அங்கிருந்த மேசையில் கடற்கரைப் பகுதியின் வரைபடம் ஒன்று விரிக்கப்பட்டிருந்தது. பழக்கத்தினால் கண் அதன்மேல் போயிற்று. கிள்ளைக்குக் கிழக்கே, பிச்சாவரம் காட்டுக்கும் கடலுக்கும் நடுவே முன்பு மீனவர்கள் வாழ்ந்த எம்.ஜி.ஆர். திட்டு என்ற மணல் திட்டு இருக்கும் இடத்தில் பெயர் எதுவும் இல்லை. பென்சிலால் 'வெற்று மணல், காலி' என்று மட்டும் குறித்திருந்தார்கள். அது எந்த அலுவலகம், யார் எழுதியது என்று சொல்வதற்காக இந்த மடலை எழுதவில்லை. ஒரு நிலத்தைப் பற்றிப் பதிவேட்டில் என்ன எழுதப்படுகிறதோ, அதுவே அந்த நிலத்துக்குப் பின்னால் நேரப்போவதைத் தீர்மானிக்கும் என்பதை முப்பது ஆண்டுக்கு மேல் கண்ணால் பார்த்தவன் என்பதால், அந்த மூன்று சொற்கள் என்னை உறங்க விடவில்லை.

அந்தத் திட்டில் இன்று யாரும் குடியில்லை என்பது உண்மை. ஆனால் அது காலி நிலம் இல்லை. ஆளில்லாமல் இருப்பதும் காலியாக இருப்பதும் வேறு வேறு என்பதைத் தங்கள் பதிவேடுகள் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதே என் வேண்டுகோள். அது எப்படி வேறு என்பதைச் சொல்லத்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

வடக்கே வெள்ளாறு பரங்கிப்பேட்டையை ஒட்டிக் கடலில் சேர்கிறது. தெற்கே கொள்ளிடம் சேர்கிறது. இந்த இரண்டு முகத்துவாரங்களுக்கும் இடையில், ஏறத்தாழ 11 பாகை 25 கலை வட அட்சத்தில், கடலுக்கு இணையாக நீண்டு கிடக்கும் உப்பங்கழியில்தான் பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடு, அதாவது அலையாத்திக் காடு, நிற்கிறது. சுமார் 1,100 ஹெக்டேர் பரப்பில் ஐம்பதுக்கும் குறையாத திட்டுகளாக அந்தக் காடு பிரிந்து கிடப்பதும், நடுவே வாய்க்கால்கள் பின்னிப் பின்னி ஓடுவதும் தாங்கள் அறிந்தவையே. ஓதம் ஏறி வற்றும் அளவு இங்கே ஒரு மீட்டருக்குள்தான். ஆனாலும் அந்த ஒரு மீட்டர் தண்ணீரின் வரவும் போக்கும்தான் காட்டின் மூச்சு. அது நின்றால் என்ன ஆகும் என்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். 1970கள் வரை இந்தக் காட்டைக் கூறு கூறாகப் பிரித்து மரங்களை மொத்தமாக வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் வெயில் நேரே பட்டு, சேறு காய்ந்து, தரை அமுங்கித் தட்டுப்போலக் குழிந்தது. உள்ளே ஏறிய ஓதநீர் திரும்பி வடியாமல் தேங்கி, ஆவியாகி, உப்பை மட்டும் விட்டுப் போயிற்று. பிறகு அங்கே விதை விழுந்தும் முளைக்கவில்லை. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத் துறையும் சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி ஓதநீரை உள்ளே விட்ட பிறகே அந்த மொட்டைத் தரைகள் பச்சை பிடித்தன.

இந்தத் திட்டுகளில் இரண்டு சாதி உண்டு என்பதுதான் இங்கே முக்கியம். காட்டுக்குள் இருப்பவை சேற்றுத் திட்டுகள். ஆறு கொண்டுவந்த வண்டலை வேர்கள் பிடித்து வைத்ததால் உண்டானவை. எம்.ஜி.ஆர். திட்டோ, சின்னவாய்க்கால், பில்லுமேடு ஆகியவற்றைப் போலக் கடல் கட்டிய மணல். அலை ஒதுக்கிக் குவிக்கும் மணலுக்குச் சங்கப் பாடல்களில் 'எக்கர்' என்று ஒரு தனிச் சொல் இருக்கிறது. இந்த வகை நிலத்தை நம் முன்னோர் எவ்வளவு கூர்ந்து பார்த்திருந்தால் அதற்கென்று ஒரு சொல் வைத்திருப்பார்கள்! 2022-ல் பிச்சாவரம் 1,478.64 ஹெக்டேர் பரப்போடு ராம்சர் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டபோது எல்லோரும் மகிழ்ந்தோம், நானும் மகிழ்ந்தேன். ஆனால் அந்த மகிழ்ச்சியில் பேசப்பட்டதெல்லாம் சேறும் வேரும் பறவையும்தான். கடல் பக்கத்தில் அலையைத் தன் முதுகில் வாங்கிக்கொண்டு, உள்ளே உப்பங்கழி அமைதியாக இருக்க வழிசெய்யும் மணலைப் பற்றி யாரும் பேசவில்லை. அந்த மணல் மேடு இல்லாவிட்டால் பின்னால் கழி இல்லை, கழி இல்லாவிட்டால் காடும் இல்லை.

மணல் நிலத்தின் இயல்பை எனக்குக் கற்றுக்கொடுத்தது புத்தகம் இல்லை, ஒரு சர்வே கல். 1980களில் நில உடைமைப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் திட்டம் மாநிலம் முழுவதும் நடந்தபோது, புதிதாகப் பணிக்கு வந்த என்னைச் சங்கிலியும் குறுக்குக் கட்டையும் கொடுத்து அந்தப் பக்கத்துக் கடலோரத்துக்கு அனுப்பினார்கள். பனை மரம் ஒன்றிலிருந்து தூரம் எடுத்து, அடும்புக் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் மூடிய மேட்டின் ஓரத்தில் கல் நட்டோம். இரண்டு மழைக்காலம் கழித்து வேறொரு வேலையாகப் போனபோது கல்லைக் காணவில்லை. உடன் வந்த மீனவர் ஒருவர் கையை நீட்டி, "அதோ, வெள்ளையா அலை ஒடையுதே, அங்க இருக்கு சார் உங்க கல்லு" என்றார். கரையிலிருந்து பத்து இருபது பாகம் தள்ளிக் கடலுக்குள் இருந்தது அந்த இடம். நான் பதறினேன், அவர் பதறவில்லை. வடக்கே கையைக் காட்டி, "அங்க போயி பாருங்க, புதுசா மேடு போட்ருக்கு" என்றார். அவர் சொன்னது சரி. திட்டு அழியவில்லை, நகர்ந்திருந்தது.

அதன் காரணம் நம் கரையில் எல்லா மீனவருக்கும் தெரியும். தென்மேற்குப் பருவத்தில் நீரோட்டம் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகிறது. வாடைக் காலத்தில் வடக்கிலிருந்து தெற்கே இழுத்து வருகிறது. ஆண்டு முழுவதையும் கணக்கிட்டால் வடக்கே போவதே அதிகம். இதோடு ஆறு கொடுக்கும் மணலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கொள்ளிடத்தில் 1836-ல் கீழணை வந்தது. காவிரியில் 1934-ல் மேட்டூர் அணை வந்தது. அதற்குப் பிறகு வெள்ளம் வரும் ஆண்டுகளில்தான் கொள்ளிடம் கடலுக்கு மணல் கொடுக்கிறது. வரவு குறைந்து செலவு குறையாத குடும்பத்தின் நிலைதான் இந்தக் கரைக்கும். இந்தச் சூழ்நிலையில் ஓரிடத்தில் கல்லைக் கொட்டி மணலை நிறுத்தினால் வடக்கே இருப்பவனுக்குப் பட்டினி. இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். புதுச்சேரித் துறைமுகத்துக்கு 1980களின் இறுதியில் அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டியதும், தெற்கே மணல் குவிந்தது. வடக்கே நகரத்தின் கடற்கரை கரைந்து வெறும் பாறைக் குவியலானது. அரிப்பு அங்கேயே நிற்காமல் வைத்திக்குப்பம், சோலை நகர் என்று நகர்ந்து தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கும் கோட்டக்குப்பம் பக்கம் வரை போயிற்று. கடலுக்குள் கல் கொட்டி நீட்டும் தடுப்பான தூண்டில் வளைவு கேட்கும் ஊர்களின் தவிப்பை நான் குறை சொல்லமாட்டேன், வீட்டு வாசலுக்கு அலை வந்தால் நானும் கேட்பேன். ஆனால் ஆள் குடியில்லாத ஒரு மணல் திட்டில் கட்டடம் எழுப்பி, பிறகு அந்தக் கட்டடத்தைக் காப்பாற்றக் கல் கொட்டும் நிலைக்கு நாமே போகக் கூடாது.

மணலை நம்பி ஏமாந்தவர்களின் கதை இந்த முகத்துவாரத்தில் பழையது. 1690-ல் ஆங்கிலக் கம்பெனியார் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கிக் குண்டு விழும் தொலைவு வரை உள்ள நிலமும் சேரும் என்பது பேச்சு. குண்டுகளைச் சுட்டு, அவை விழுந்த ஊர்களையெல்லாம் எடுத்துக்கொண்டார்கள். குண்டு உப்பலவாடி என்ற பெயர் இன்றும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. நில அளவையின் வரலாற்றில் இப்படி ஓர் அளவுகோலை வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை. அங்கே நிலைகொண்டவர்கள் 1749-ல் தெற்கே இறங்கி, கொள்ளிடத்து முகத்துவாரத்தில் தஞ்சை மராட்டியரின் தேவிகோட்டையைப் பிடித்தார்கள். அந்தக் கோட்டையை அவர்கள் விரும்பியதற்கு ஒரு காரணம், ஆற்று வாயை அடைத்திருக்கும் மணலை மட்டும் அகற்றிவிட்டால் பெரிய கப்பல்களும் உள்ளே வந்து தங்கலாம் என்ற கணக்கு. மணல் அகலவில்லை, துறைமுகமும் வரவில்லை. பெரிய பேரரசு கட்டியவர்கள் போட்ட கணக்கையே இந்த மணல் தள்ளுபடி செய்திருக்கிறது.

மக்கள் வேறு விதமாக இந்த மணலோடு வாழ்ந்தார்கள். அதைத் தெரிந்துகொள்ள, வரைபடத்தைப் பார்த்த மறு வாரமே கிள்ளைக்குப் பேருந்து ஏறினேன். அந்தத் திட்டில் முன்பு வாழ்ந்து, இப்போது கரைப்பக்கத்தில் குடியிருக்கும் அம்மா ஒருவரும் அவருடைய மகனும் ஃபைபர் படகில் என்னை அழைத்துப் போனார்கள். காட்டு வாய்க்காலில் இருளர் மக்கள் சிலர் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, கையால் தடவி இறால் பிடித்து, வாயில் கவ்வியிருந்த பனையோலைப் பறிக்குள் போட்டுக்கொண்டிருந்தார்கள். வெளிவாய்க்கால் வந்ததும் காற்றின் ஓசை மாறியது. படகு மணலில் முட்டி நின்றது.

மேட்டின் மேல் செங்கல் அடித்தளம் ஒன்று பாதி புதைந்து தெரிந்தது. அதன் ஒரு மூலையில் சிமெண்டுப் பூச்சு மழமழவென்று இன்னும் இருந்தது. அந்த அம்மா நேராக அங்கே போய் நின்று, காலால் மணலைத் தள்ளி, "இங்கதான் எங்க அடுப்படி இருந்துச்சு, ஐயா" என்றார். பிறகு மேட்டின் உள்பக்கச் சரிவில் ஒரு பள்ளத்துக்குப் போய், உட்கார்ந்து, கையாலேயே தோண்டினார். முழங்கை ஆழம் போவதற்குள் ஈரம் கண்டது; இன்னும் கொஞ்சம் தோண்டியதும் தண்ணீர் மெல்லச் சுரந்தது. கொட்டாங்குச்சியில் மொண்டு கொடுத்தார். லேசாகச் சப்பென்று இருந்ததே தவிர உப்புக் கரிக்கவில்லை. நூறு அடிக்கு அப்பால் கடல், மறுபுறம் உப்பங்கழி. நடுவில் நல்ல தண்ணீர். மழைநீர் மணலுக்குள் இறங்கி, எடை குறைவு என்பதால் உப்புநீருக்கு மேலே ஒரு படலமாக மிதந்து நிற்பதுதான் அது. ஆழமாகத் தோண்டினாலோ மோட்டார் வைத்து இறைத்தாலோ அடியிலிருக்கும் உப்புநீர் ஏறிவிடும். அப்புறம் பல மழைக்காலம் காத்திருக்க வேண்டும். அந்த மக்கள் கையால் தோண்டி, வேண்டிய அளவு மொண்டு, ஊற்றை மூடிவிட்டுப் போனார்கள். "அதிகமா இறைச்சா ஊத்து கோவிச்சுக்கும்னு எங்க ஆயா சொல்லும்" என்றார் அவர். நிலத்தடி நீரியல் பாடத்தில் பல பக்கங்களில் விளக்கப்படும் செய்தியை அந்த ஆயா ஒரே வரியில் சொல்லியிருக்கிறார். ஒரு விடுதி வந்து நாள்தோறும் ஆழ்துளைக் குழாயில் இறைத்தால் அந்தப் படலம் எத்தனை நாள் தாங்கும் என்பதைத் தாங்களே எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

2004 டிசம்பர் 26, மார்கழிப் பௌர்ணமி, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணி அளவில் சுமத்திராவை ஒட்டிய கடலடியில் பூமி அதிர்ந்தது. இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் அலை நம் கரைக்கு வந்துவிட்டது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தமிழ்நாட்டில் நாகப்பட்டினம், கன்னியாகுமரி மாவட்டங்களுக்கு அடுத்து இங்கேதான் உயிரிழப்பு மிகுதி. மூன்று பக்கமும் தண்ணீர் சூழ்ந்த எம்.ஜி.ஆர். திட்டில் ஓடுவதற்கு இடமே இல்லை. ஒரு சிறிய மீனவக் குடியிருப்பு அந்த ஒரு காலையில் தன் மக்களில் பெரும் பங்கை இழந்தது. அவர்களில் குழந்தைகளும் பெண்களும் பலர். பிழைத்தவர்கள் கழியைக் கடந்து கிள்ளைப் பக்கம் வந்து சேர்ந்தார்கள். பிறகு யாரும் அங்கே குடியேறவில்லை. அந்த அம்மா தன் வீட்டில் யார் யார் போனார்கள் என்று பெயர் சொல்லிக்கொண்டே விரல் மடக்கினார். ஒரு கை போதவில்லை. அந்தப் பெயர்களை இங்கே எழுத எனக்கு உரிமையில்லை.

அந்த நாளுக்குப் பிறகு, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டைக் கடல்சார் உயிரியல் மையத்து ஆய்வாளர்கள் இந்தக் கரையின் 18 சிற்றூர்களை ஒப்பிட்டு, அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் இருந்தவை குறைந்த சேதத்தோடு தப்பியதையும், கடலைப் பார்த்துத் திறந்த மணலில் இருந்தவை அழிந்ததையும் 2005-ல் எழுதினார்கள். கடலிலிருந்து உள்ள தூரமும் தரையின் உயரமுமே பெரிய காரணம், காட்டின் பங்கை மிகைப்படுத்தக் கூடாது என்று மறுத்து எழுதிய அறிஞர்களும் உண்டு. இரண்டு பக்கத்து வாதத்தையும் படித்தேன். எந்தப் பக்கம் சரியென்றாலும் இந்தத் திட்டைப் பொறுத்தவரை முடிவு ஒன்றே: தூரமும் இல்லை, உயரமும் இல்லை, முன்னால் காடும் இல்லை. அங்கே இரவில் மனிதர் தங்குவது ஆபத்து.

அரசும் அப்படித்தான் முடிவு செய்தது. 2005 மார்ச்சில் வந்த அரசாணையின் சாரம் இதுதான்: உயர் அலைக் கோட்டிலிருந்து (ஓதம் உச்சமாக ஏறித் தொடும் கோடு) 200 மீட்டருக்குள் வீடிழந்தவர்களுக்கு அதற்கு அப்பால் வீடு கட்டித் தரப்படும், அவர்கள் விட்டு வரும் பழைய இடம் அரசுக்குச் சேர்ந்து பொதுப் பயன்பாட்டில் இருக்கும். மக்கள் நம்பி ஒப்புக்கொண்டார்கள். பிறந்த மண்ணை, ஊற்றுத் தண்ணீரை, படகு இழுத்து ஏற்றும் வாசலை, உறவுகள் மடிந்த இடத்தை, உயிர் பயம் என்ற ஒரே காரணத்துக்காக விட்டு வந்தார்கள். மனிதர் குடியிருக்கத் தகாத இடம் என்று எழுதி அவர்களை அகற்றிய அதே மணலில், நாளைக்கு 'காலி' என்ற பென்சில் குறிப்பைப் பார்த்து யாராவது குடில்களும் உணவகமும் கட்ட அனுமதி கேட்டால், அந்த மக்களுக்கு நாம் என்ன பதில் சொல்வோம்? மீனவன் தூங்கினால் ஆபத்து, சுற்றுலாப் பயணி தூங்கினால் ஆபத்தில்லை என்று எந்த அலையும் பிரித்துப் பார்க்காது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தபோது உறுதியான வீடுகளின் ஓடும் தகடும் எப்படிப் பறந்தன என்பதை இந்த மாவட்டத்தில் மறந்தவர் இல்லை.

சட்டத்தின் பக்கமும் ஒரு சொல். 2019-ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, கரையை ஒட்டிய தீவுகளிலும் உப்பங்கழித் தீவுகளிலும் வளர்ச்சிப் பணிக்குத் தடையான எல்லையை உயர் அலைக் கோட்டிலிருந்து வெறும் 20 மீட்டராக வைத்திருக்கிறது. அதைக் காட்டி அனுமதி கேட்பவர்கள் வருவார்கள். ஆனால் அதே அறிவிக்கை அலையாத்திக் காடுகளையும், மணல் மேடுகளையும், ஆமைகள் முட்டையிடும் இடங்களையும் மிக உயர்ந்த பாதுகாப்புப் பிரிவில் வைக்கிறது. எனவே இந்தத் திட்டு எந்தப் பிரிவில் வரும் என்பது, அதை வரைபடத்தில் என்னவென்று குறிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. 'மணல் மேடு' என்று எழுதினால் ஒரு சட்டம். 'காலி' என்று எழுதினால் வேறு சட்டம். தை முதல் பங்குனி வரை நம் கரைக்குப் பங்குனி ஆமைகள் ஏறி வந்து, ஒவ்வொன்றும் நூறு முட்டை அளவில் இட்டு மூடிவிட்டுப் போகின்றன. ஏறத்தாழ ஐம்பது நாளில் குஞ்சு வெளிவந்து, கடல்மேல் தெரியும் வெளிச்சத்தை நோக்கி ஓடுகிறது. கரையில் மின்விளக்கு எரிந்தால் குஞ்சு அந்தப் பக்கம் ஓடிச் செத்துப்போகிறது. விளக்கில்லாத கரை நம் மாவட்டத்தில் எத்தனை மிச்சம்?

கச்சத்தீவின் 285 ஏக்கரைப் பற்றியும் 1974 ஒப்பந்தத்தைப் பற்றியும் நம் ஊர்த் தேநீர்க் கடைகளில்கூட ஆண்டும் மாதமும் தவறாமல் பேசுகிறார்கள், பேசவும் வேண்டும். அதுவும் ஆள் குடியில்லாத தீவுதான். ஆனாலும் அதைக் காலி என்று நாம் ஒருநாளும் சொன்னதில்லை. வலை உலர்த்தியதும், அந்தோணியார் திருவிழாவுக்குக் கூடியதும் அந்தத் தீவின் வரலாறு என்று வாதாடுகிறோம். அந்த நியாயம் நம் மாவட்டத்துத் திட்டுக்கும் உண்டு. மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் கிள்ளைக்கு எழுந்தருளி, வழியில் தர்காவின் மரியாதையை ஏற்று, முழுக்குத்துறையில் தீர்த்தவாரி காண்கிறார்; அந்தத் துறைக்கு எதிரே கடல் பக்கம் கிடப்பது இந்த மணல்தான். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த மரம் இன்று அந்த ஊர் வீதிகளில் இல்லை. பால் பட்டால் கண்ணைக் கெடுக்கும் அந்தத் தில்லையை இந்தக் கழிக்காட்டில்தான் பார்க்க முடிகிறது. ஊர்ப்பெயர்களே நிலநூல் பேசும் பகுதி இது. சின்னவாய்க்கால் என்றால் கழி கடலைத் தொடும் சிறிய வாய். பில்லுமேடு என்றால் புல் பிடித்து நின்ற மேடு. இந்தப் பெயர்களை அழித்துவிட்டு 'வெற்று மணல்' என்று எழுதுகிறவர் தெரிந்தோ தெரியாமலோ ஒரு நிலப்படத்தையே அழிக்கிறார்.

ஆகவே வருவாய்த் துறையிடம் முதலில் கேட்பது, கிராம நிலங்களின் விவரம் உள்ள 'அ' பதிவேட்டிலும், நில அளவை வரைபடமான புலப்படத்திலும் இந்தத் திட்டின் பெயரை எழுதி, குறிப்புப் பத்தியில் 'முன்னாள் மீனவக் குடியிருப்பு. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் பாதுகாப்புக் காரணத்தால் குடியகற்றப்பட்டது. நகரும் மணல் மேடு. நிலையான கட்டுமானத்துக்கு உரியதன்று' என்று சேர்க்க வேண்டும் என்பதே. இதற்குப் பணமும் வேண்டாம், பெரிய திட்டமும் வேண்டாம். ஓர் ஆணையும் ஒரு பேனாவும் போதும். நில அளவைப் பிரிவு ஆண்டுக்கு இரண்டு முறை, வாடைக் காலம் முடிந்து ஒருமுறையும் தென்மேற்குப் பருவம் முடிந்து ஒருமுறையும், கரைக்கோட்டைக் கருவி வைத்து அளந்து வர வேண்டும். எங்கள் காலத்தில் சங்கிலியை இழுத்துக்கொண்டு நாள் கணக்கில் செய்த வேலையை இப்போது அரை நாளில் முடித்துவிடலாம். பத்து ஆண்டு அளவுகள் கையில் இருந்தால், எந்தக் கல் எங்கே கொட்டப்பட்டதால் எந்தக் கரை தேய்ந்தது என்று ஊகமில்லாமல் சொல்ல முடியும்.

படகில் சுற்றிப் பார்க்க வருகிறவர்களைத் தடுக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. காட்டைக் கண்டால்தான் அதன்மேல் பற்று வரும். பகலில் வரட்டும், நடக்கட்டும், திரும்பட்டும். ஆனால் படகுத் துறையில் சினிமாப் படப்பிடிப்பைப் பற்றிச் சொல்வதோடு நிறுத்தாமல், இந்தத் திட்டு எப்படி உண்டானது, யார் வாழ்ந்தார்கள், ஏன் இன்று யாரும் இல்லை என்பதையும் நல்ல தமிழில் ஒரு பலகையில் எழுதி வையுங்கள். இறந்தவர்களின் பெயர்களைக் குடும்பத்தாரிடம் கேட்டு, அவர்கள் சம்மதித்தால் பொறித்து வையுங்கள். வலை உலர்த்தவும், மீன்பாட்டுக் காலத்தில் ஓலைக் கொட்டகை போட்டுப் பகலில் தங்கவும், ஆண்டுதோறும் டிசம்பர் 26-ல் பாலும் பூவும் கொண்டுபோய் அஞ்சலி செலுத்தவும் அந்த மக்களுக்கு உள்ள உரிமை எந்தக் குத்தகையாலும் எந்த நுழைவுக் கட்டணத்தாலும் தடைப்படாது என்று எழுத்தில் கொடுங்கள். ஒரு படகுக்காரத் தம்பி என்னிடம், "அங்க ஒண்ணும் இல்ல சார், மணலுதான்" என்றார். அவர் மேல் தவறில்லை. அவர் பிறந்ததே அந்த அலைக்குப் பிறகு, அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

கடைசியாக ஒன்று. அந்த அம்மாவும் அவர் வயதுள்ள இன்னும் நான்கைந்து பேரும் சொல்லச் சொல்ல, வீடுகள் இருந்த வரிசை, மூன்று ஊற்றுகள், படகு ஏற்றிய துறை, கோயில் இருந்த மேடு, பனைகள், கழி வாயின் பழைய போக்கு ஆகியவற்றை நோட்டுப் புத்தகத்தில் கைப்படமாக வரைந்து வைத்திருக்கிறேன். அளவுகள் நடையால் எடுத்தவை. துல்லியம் என்று சொல்லமாட்டேன். சொன்னவர்களில் ஒருவர் சென்ற வாரம் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். மழை தொடங்குமுன் ஒரு நில அளவையரையும் எழுதத் தெரிந்த ஓர் இளைஞரையும் தாங்கள் அனுப்பினால், நோட்டுப் புத்தகத்தோடு நானும் படகில் ஏறிக்கொள்கிறேன். அந்த அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவையர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.